மலை வடிகட்டிய காற்று

ஆடி மாதத்தில் ஹட்டனில் துணி காயாது. கினிகத்தேனையிலிருந்து வட்டவளை வரைக்கும் சரிவு முழுக்க மேகம் இறங்கிக் கிடக்கும். வட்டவளையில் ஆண்டுக்கு ஏறத்தாழ ஐயாயிரம் மில்லிமீற்றர் மழை. அதில் பெரும்பங்கு இந்தத் தென்மேற்குப் பருவத்தில் கொட்டுவதுதான். அதே கிழமையில் நுவரெலியாவைத் தாண்டி, வெலிமடை வழியாகப் பண்டாரவளைப் பக்கம் இறங்கினால் வானம் வெளுத்திருக்கும், பத்தனைப் புல் காய்ந்திருக்கும், வறண்ட காற்றொன்று இலையை உரசிக்கொண்டு கிழக்கே போய்க்கொண்டிருக்கும். ஊவாத் தோட்டங்களில் அதைக் கச்சான் என்பார்கள். மட்டக்களப்புக் கரையிலும் அதற்கு அதே பெயர்தான். இந்தக் காற்றுப் பட்டால்தான் ஊவாத் தேயிலைக்கு அதன் பேர்போன மணம் ஏறும். ஜூலை முதல் செப்டெம்பர் வரை கொழும்பு ஏலத்தில் வாங்குவோர் எதிர்பார்த்திருப்பது அந்த மணத்தைத்தான். காற்றின் வேலை தேயிலையோடு முடிந்துவிடுவதில்லை. மொனராகலைக் காடுகளைக் கடந்து பொத்துவிலில் கடலைத் தொடும்போது, கரையை நோக்கி வருகிற அலைகளை அது எதிர்நின்று நிமிர்த்துகிறது. பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஊர் ஊராக, நாடு நாடாக ஆட்கள் அறுகம்குடாவில் வந்து இறங்குவதும் இதே மாதங்களில்தான். அலைச்சறுக்குக்கு இடம் தேர்வது எப்படி, பலகை தேர்வது எப்படி என்று சொல்லித்தருபவர்கள் வழக்கமாகக் கடலிலிருந்து ஆரம்பிப்பார்கள். இலங்கையைப் பொறுத்தவரை மலையிலிருந்து ஆரம்பிப்பதுதான் முறை என்பது என் கட்சி.

அலை எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்த்துவிடலாம். இந்தக் கரைகளில் ஏறிப் போகத்தக்க அலையில் பெரும்பாலானது இங்கே பிறந்ததல்ல. தெற்கே, நாற்பது ஐம்பது பாகை அகலக்கோடுகளில் ஓயாமல் அடிக்கும் புயல்கள் எழுப்பிவிட்டது. முகட்டுக்கு முகடு 14 விநாடி இடைவெளி உள்ள ஓர் அலைத்தொடரை எடுத்துக்கொண்டால், ஆழ்கடலில் ஒவ்வொரு முகடும் மணிக்கு 79 கிலோமீற்றர் அளவில் ஓடும்; தொடர் முழுதாக முன்னேறுவது அதில் பாதி வேகத்தில். ஐயாயிரம் கிலோமீற்றரைக் கடக்க ஐந்து நாளுக்கு மேல் பிடிக்கும். அத்தனை தூரத்தில் சில்லறை அலைகள் உதிர்ந்துபோய், நீண்டவை மட்டும் வரிசை கட்டிக்கொண்டு வந்து சேரும். இந்த வரத்து வருடம் முழுவதும் உண்டு. மே முதல் செப்டெம்பர் வரை தென் அரைக்கோளத்தில் குளிர்காலம் என்பதால் அந்த மாதங்களில் வரத்துப் பெருகும். அப்படியானால் அலையின் அளவுதான் பருவத்தைத் தீர்மானிக்கிறது என்று ஒருவர் வாதிக்கலாம். வாதம் சரியென்றால் தெற்கையும் தென்மேற்கையும் பார்த்து நிற்கிற ஹிக்கடுவையும் வெலிகமையும் ஜூலையில் உச்சத்தில் இருக்க வேண்டும். இருப்பதில்லை. ஜூலையில் அந்தக் கடல் கலங்கி, நுரைத்து, திசை தெரியாமல் புரண்டுகொண்டிருக்கும். அந்தப் பக்கத்துப் பருவம் திறப்பது நவம்பரில், மூடுவது ஏப்ரலில். அதாவது தெற்கிலிருந்து வரத்துக் குறைந்திருக்கிற மாதங்களில். ஆக, பருவத்தைப் பிரிப்பது அலையல்ல, காற்று. கடலிலிருந்து கரைக்கு வீசும் காற்று முகட்டைப் பின்னாலிருந்து பிடித்துத் தள்ளி, நேரத்துக்கு முன்பே சரித்துவிடும். கரையிலிருந்து கடலுக்கு வீசும் காற்று முகட்டைத் தாங்கிப் பிடித்து, அதன் முகத்தை வழவழப்பாக்கி, உடைகிற கணத்தைச் சற்றே தள்ளிப்போடும். அந்தச் சற்றே கிடைக்கிற அவகாசத்தில்தான் இந்த விளையாட்டு முழுவதும் நடக்கிறது.

மலையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்பதற்கு நல்ல மறுப்பு ஒன்று இருக்கிறது. மாலைதீவில் மலை எங்கே இருக்கிறது? தென்னைக்கு மேல் உயரமான எதுவும் அந்தப் பவளத் தீவுகளில் கிடையாது. ஆனாலும் தென்மேற்குப் பருவத்தில் அங்கேயும் கிழக்குப் புறத்துத் திட்டுகளில் கரைக்காற்றடித்து அருமையான அலை உடைகிறது. பருவக்காற்றுக்கு முதுகு காட்டும் கரை எதுவானாலும் அது நடக்கத்தான் செய்யும். இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அறுகம்குடாவுக்குக் கரைக்காற்றைத் தந்தது பிதுருதலாகல என்று சொன்னால் அது பெருமை பேசுவதாக முடியும். மலை செய்வது வேறு. இரண்டாயிரத்து ஐந்நூறு மீற்றர் வரை எழும் அந்தச் சுவர் காற்றைப் பிளக்கிறது. பிளந்த காற்றில் ஒரு பங்கு வடக்கே மன்னார் வழியாகவும் இன்னொரு பங்கு தெற்கே அம்பாந்தோட்டை வழியாகவும் வேகமெடுத்துச் சுற்றிக்கொண்டு போகிறது. நாட்டின் காற்றாலைகள் மன்னாரிலும் புத்தளத்திலும் நிற்பதற்கும், பட்டம் கட்டிய பலகையில் பறக்கிறவர்கள் கற்பிட்டிக்குப் போவதற்கும் காரணம் அதுவே. மலைக்கு மேலே ஏறிக் கடக்கிற பங்கு மட்டும் மேற்குச் சரிவில் ஈரத்தைக் கொட்டிவிட்டு, கிழக்கே இறங்கும்போது வறண்டு, சூடேறி, முரட்டுத்தனம் குறைந்து வருகிறது. கற்பிட்டிக் காற்று அறுகம்குடாவில் அடித்தால் அலையின் முகத்தில் கொப்புளம் கொப்புளமாக நீர் எழும்பும், பலகை தடதடக்கும். மலையை ஏறி இறங்கிய காற்று அப்படிச் செய்வதில்லை. அதிலும் விடியற்காலையில், நிலம் குளிர்ந்து கடலுக்குக் காற்று ஒழுகும் நேரத்தில், கண்ணாடிபோலக் கிடக்கிற நீரில் அலை எழுவதைக் கிழக்குக் கரையில் பார்க்கலாம். நடுப்பகலுக்கு மேல் தெற்கிலிருந்து கடற்காற்று எழும்பி எல்லாவற்றையும் கலைத்துவிடும் என்பதும் உண்மை. பருவத்தை வருடத்துக்கு மட்டும் அல்லாமல் நாளுக்கும் பார்க்க வேண்டும்.

கார்த்திகை கழிந்ததும் படம் தலைகீழாகும். வாடை வடகிழக்கிலிருந்து வந்து ஊவாப் பக்கத்துச் சரிவுகளில் மழையை இறக்கிவிட்டு மேற்கே தாண்டும். நுவரெலியாவில் சில இரவுகளில் புல்மேல் உறைபனி படியும். தலவாக்கலையும் ஹட்டனும் பொகவந்தலாவையும் பகலில் வெயில், இரவில் கடுங்குளிர் என்று வறளும். ஜனவரி முதல் மார்ச் வரை திம்புள்ளைத் தேயிலைக்குத் தரப்பருவம். அதே வாடை இன்னும் இறங்கி ஹிக்கடுவையிலும் மிதிகமையிலும் கரைக்காற்றாகக் கடலுக்குள் போகும். அந்தக் கரைகளின் நல்ல மாதங்களும் இவையே. இரண்டு பருவங்களுக்கும் இடைப்பட்ட பங்குனி சித்திரையிலும் ஐப்பசியிலும் இடிமழை பெய்து மலையெங்கும் கொழுந்து குமியும். கூடை நிறையும், தராசு இறங்கும்; ஆனால் சுவைப்போர் அந்தத் தேயிலையைப் பெரிதாகக் கொண்டாடுவதில்லை. வறண்ட காற்றில் செடி வருந்தும்போது கொழுந்து குறையும், மணம் கூடும். ஊவாவின் மணத்தில் மெதைல் சலிசிலேற்று தூக்கலாக இருக்கிறது என்று வேதியியல் சொல்கிறது. வலித் தைலங்களில் மணப்பதும் அதுவே. கடலிலும் இதே கணக்குத்தான். காற்றை எதிர்கொள்ளும் கரையில் அலைக்குப் பஞ்சமில்லை, ஏறத்தக்கதாக ஒன்றும் தேறாது. காற்றுக்கு முதுகு காட்டும் கரையில் அலை சிறுக்கும், எண்ணிக்கை குறையும், வந்த ஒவ்வொன்றும் உருவத்தோடு வரும். இதை வெறும் ஒப்புமையாகச் சொல்லவில்லை. ஒரே காற்று, ஒரே மலை, ஒரே மாதம் என்பதால் இரண்டும் ஒரே நிகழ்ச்சியின் இரு முனைகள். ஏலத்தில் ஊவாப் பருவத் தேயிலைக்கு விலை ஏறத் தொடங்கிவிட்டது என்று தோட்டத்தில் பேச்சு அடிபட்டால், கிழக்குக் கரையின் அலைக்கு அதைவிட நம்பகமான அறிவிப்பு வேண்டியதில்லை.

காற்றை வைத்து எந்தக் கரை என்று முடிவு செய்தபின் கேட்க வேண்டியது அடித்தரை. அலையின் உயரத்தைப்போல ஏறத்தாழ ஒன்றேகால் மடங்கு ஆழத்துக்கு வந்ததும் அலை உடையும். ஆழம் மெல்ல மெல்லக் குறைந்தால் முகடு நுரையாகச் சரிந்து இறங்கும். திடுமெனக் குறைந்தால் முகடு முன்னால் பாய்ந்து குழலாகச் சுருளும். முதன்முதலாகப் பலகையில் படுக்கிறவருக்கு வேண்டியது முதல் வகை. அதனால்தான் வெலிகமைக் குடாவைத் தொடக்கப் பள்ளி என்று எல்லோரும் சொல்கிறார்கள். பிறைபோல வளைந்த கரை, மணல் தரை, மெதுவான சரிவு, விழுந்தால் அடிபடுவதற்குக் கல் இல்லை. இங்கே தேர்ந்தவர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள்: அலைக்கு வேகமில்லை, உருவமில்லை, கரையெங்கும் கூட்டம், ஒருவர் பலகை மற்றவர் தலையில் இடிக்கிறது. கூட்டம் பற்றிய முறைப்பாடு நியாயமானது. மற்றது நியாயமில்லை. இடுப்பளவு நுரை ஒரே சீராகத் திரும்பத் திரும்ப வருவது தொடக்கக்காரருக்குக் கிடைக்கிற பெரிய கொடை. ஒரு காலையில் முப்பது முறை விழுந்து எழும்ப அது இடம் கொடுக்கும். மிதிகமையின் பாறைத்தரையில் மூன்றாவது விழுகையிலேயே கடல்முள்ளி காலில் ஏறிவிடும், பயம் மனதில் ஏறிவிடும்.

வெலிகமைக்குரிய பலகை எது என்பதில் கருத்து வேறுபாட்டுக்கே இடமில்லை: எட்டு அல்லது ஒன்பது அடி நீளத்தில் மேற்புறம் மென்மையான ஃபோம் பலகை. கடையில் வரிசையாகச் சாத்தியிருப்பவற்றில் அழகில்லாதது இதுதான். நீலமோ மஞ்சளோ அடித்த, கனத்த, மழுங்கின முனையுள்ள பொருள். நல்ல ரசனை இதன் அவலட்சணத்துக்குள் இருக்கிற புத்தியைப் பார்க்க வேண்டும். பலகையை மணலில் மல்லாத்தி வைத்துக் குனிந்து பக்கவாட்டில் பாருங்கள். முனைக்கும் வாலுக்கும் இடையில் அடிப்பாகம் எவ்வளவு வளைந்திருக்கிறது? ஃபோம் பலகையில் அந்த வளைவு மிகக் குறைவு. அதனால் நீரைத் தள்ளாமல் மேலே வழுக்கும், சோம்பலான அலையையும் பிடித்துக்கொள்ளும். ஓரத்தை விரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவில் வைத்து அழுத்தினால் தடிப்பு தெரியும். தடித்த ஓரம் நீருக்குள் எளிதில் புதையாது, ஆகவே சறுக்கலை மன்னிக்கும். எல்லாவற்றுக்கும் மேலாகக் கொள்ளளவு. பலகை எத்தனை லீற்றர் நீரை விலக்குகிறது என்பதே அது எவ்வளவு தாங்கும் என்பதன் அளவு. தொடங்குகிறவருக்குத் தம் எடை எத்தனை கிலோவோ குறைந்தது அத்தனை லீற்றர் வேண்டும். தேர்ந்தவர் எடையின் மூன்றிலொரு பங்கைவிடச் சற்று அதிகமான லீற்றரில் சமாளிப்பார். அறுபது கிலோ ஆள் முப்பது லீற்றர் பலகையை முதல் நாளே தூக்கிக்கொண்டு போனால், அது அவருடைய நெஞ்சுக்குக் கீழே முழுகிக் கிடக்கும். கை வலிக்கத் துழாவிவிட்டு அலை தன்னைக் கடந்து போவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். குறும்பலகை மீதான மோகம் நிழற்படங்களிலிருந்து வந்தது. ஆறடிக்கும் குறைவான, கூர்முனைப் பலகையில் ஒருவர் நீர்த்திவலை தெறிக்கத் திரும்புகிற படம் எந்தக் கடையின் சுவரிலும் இருக்கும். அந்தப் பலகையின் வளைந்த அடியும் மெல்லிய ஓரமும் சுவர்போல நிமிர்ந்த அலைக்காகச் செய்யப்பட்டவை என்பதைப் படம் சொல்லாது.

அறுகம்குடாவுக்கு வருவோம். சொல்ல நிறைய இருப்பது இங்கேதான். வெலிகமையில் அலை கரைக்கு நேராக வந்து அங்கங்கே உடையும். கிழக்குக் கரையின் முனைகளில் நடப்பது வேறு. தெற்கிலிருந்து வரும் வரிசை தீவின் தென்கிழக்கு மூலையைச் சுற்றி வளைந்து வருவதால் சற்றே மெலிந்து, ஆனால் ஒழுங்குபட்டு வரும். உல்லைக் கிராமத்தின் தெற்கு முனையை அது தொடும்போது, நிலத்தை ஒட்டிய பகுதி ஆழமின்றித் தடைபட, வெளிப்பகுதி ஓட்டம் குறையாமல் சுற்றிவர, முழு வரிசையும் குடாவுக்குள் திரும்புகிறது. முனையின் பாறையருகே முதலில் உடையத் தொடங்கி, அந்த உடைவு வலப்புறமாகச் சங்கிலி கழலுவதுபோல நகர்ந்துகொண்டே குடாவுக்குள் வரும். ஏறியவர் எப்போதும் உடைவுக்கு ஒரு முழம் முன்னால், இன்னும் உடையாத சுவரில் போய்க்கொண்டிருப்பார். கால் வலித்தது போதும் என்று தோன்றும்வரை, நல்ல நாளில் சில நூறு மீற்றருக்கு. பிரதான முனை என்று வழங்கும் இந்த அலைக்கு மூன்று கட்டங்கள் உண்டு. பாறையோரம் ஏறும் இடம் செங்குத்து. அங்கே தயங்குகிறவர் பாறையில் போய்ச் சேருவார். பிறகு தோள் அகன்று இளைப்பாறவிடும் நடுப்பகுதி. கடைசியில் ஆழம் குறைந்து வேகமெடுக்கும் உட்பகுதி; தாளம் தெரியாதவரை இது உதிர்த்துவிட்டுப் போகும். 2019 செப்டெம்பரில் உலக சர்ஃப் லீக்கின் தகுதிச் சுற்றுப் போட்டி ஒன்றை இங்கே நடத்தினார்கள் என்றால், அலை நீளமாக இருப்பது மட்டும் அதற்குக் காரணமாயிராது. மூன்று இடத்திலும் மூன்று விதமான பதிலைக் கேட்கிறது என்பதே ஒருவரின் கலையை அளப்பதற்கு உகந்தது.

பிரதான முனைக்கு உள்ளே பேபி பாயின்ட், வடக்கே விஸ்கி பாயின்ட், பொத்துவில் பாயின்ட், தெற்கே பாணமைப் பாதையில் எலிஃபன்ட் றொக், பீநட் ஃபாம் என்று இந்தக் கரையில் அடுத்தடுத்து முனைகள். ஒரே காற்று, ஒரே வரத்து. தரையும் வளைவும் மாற மாற அலையின் குணம் மாறுகிறது. எனக்குப் பிரதான முனையைவிடப் பொத்துவில் பாயின்ட் ஒருபடி மேல். பெரும் உருண்டைப் பாறைகளுக்கு அப்பால் மணல்மேல் உடைகிற நீளமான, பதற்றமில்லாத அலை அது. வலிமை குறைவு என்பார்கள். நடுநடுவே தளர்ந்து, ஓட்டம் அறுந்துபோகும் என்பார்கள். குறும்பலகைக்காரருக்கு அது குறைதான். ஒன்பதரை அடி நெடும்பலகையை எடுத்துக்கொண்டு போனால் அந்தக் குறையே கலையாகிவிடுகிறது. தளர்ந்த இடத்தை நெடும்பலகை தன் எடையின் ஓட்டத்திலேயே கடந்துவிடும். அலை மறுபடி நிமிர்ந்ததும் ஏறியவர் பலகையின்மேல் அடிமேல் அடி வைத்து முன்னால் நடந்து முனைக்குப் போகலாம். பலகையைத் திருப்பாமல் பலகைமேல் தான் நகர்ந்து ஓட்டத்தை மாற்றுகிற அந்த நடைக்கு நெடிய, தணிந்த அலை வேண்டும். 1980களின் தொடக்கத்தில் ஒஸ்திரேலியரான சைமன் அண்டர்சன் அடியில் ஃபின் எனும் செதில் மூன்று கொண்ட பலகையை நிலைநாட்டியபிறகு குறும்பலகைக்கு வந்த பிடிப்பும் வேகமும் உலகத்தின் ரசனையையே மாற்றிவிட்டன. கூர்மையான திருப்பங்கள், தெறிக்கும் நீர், காற்றில் பாய்ச்சல் என்று மதிப்பு அந்தப் பக்கம் போயிற்று. ஒற்றை ஃபின் நெடும்பலகையைக் கிழவர்களின் வாகனம் என்று தள்ளிவைத்ததில் இழப்பு ரசிகர்களுக்கே. நடுத்தரப் பயிற்சி உள்ளவர் ஏழு ஏழரை அடிப் பலகையோடு விஸ்கி பாயின்டில் ஒரு பருவம் செலவிட்டு, பிறகு நெடும்பலகையோடு பொத்துவிலுக்குப் போவது நான் சொல்லும் வழி. குறும்பலகைக்கு இறங்குவதானால் பிரதான முனை கூப்பிடட்டும்; அதற்கு முன் இவர் போய்க் கதவைத் தட்ட வேண்டியதில்லை.

தேர்ந்தவர்களுக்கான இடங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மேற்குப் பருவத்தில் மிதிகமையின் றாம்ஸ், ஆழமில்லாத பாறைமேல் குழலாகச் சுருள்கிற வலக்கை அலை. கபலானவில் அலை கொஞ்சம் பெரிதாக வரும் நாள். கிழக்குப் பருவத்தில் பாணமைக்கும் அப்பால் உகந்தை. உகந்தைமலை முருகன் கோயிலைத் தெரியாதவர் நம்மில் குறைவு. ஆடிவேல் விழாவுக்காக வடக்கிலிருந்து நடந்தே வருகிற பாதயாத்திரைக்காரர்கள் அங்கே தங்கித்தான் குமணைக் காட்டுக்குள் இறங்கிக் கதிர்காமம் போகிறார்கள். அதே வாரங்களில் அதே கரையில், கோயில் மணி கேட்கிற தூரத்தில், ஆறடிப் பலகையோடு சிலர் வேகமான அலைக்காகக் காத்திருப்பார்கள். இரு கூட்டமும் ஒன்றையொன்று பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. இரு கூட்டத்தையும் அங்கே கொண்டுவந்து சேர்ப்பது ஆடிமாதத்து வறட்சிதான். பாதை காய்ந்திருக்க வேண்டும், கடல் கலங்காதிருக்க வேண்டும்.

கைத்தொலைபேசியில் எல்லாம் வந்துவிட்டதே, காற்றையும் மலையையும் ஏன் யோசிக்க வேண்டும் என்ற கேள்வி எழும். எதிர்வுகூறல் செயலிகள் இன்றைக்கு நன்றாகவே வேலை செய்கின்றன. ஐந்தாறு நாளுக்கு முன்பே அலைத்தொடரின் வரவைச் சொல்லிவிடுகின்றன. ஆனால் அவை கொடுக்கிற எண்ணை வாசிக்கத் தெரிய வேண்டும். ஒரு மீற்றர் உயரம், 14 விநாடி இடைவெளி என்று ஒரு நாள். ஒன்றரை மீற்றர் உயரம், 7 விநாடி இடைவெளி என்று இன்னொரு நாள். உயரத்தை மட்டும் பார்க்கிறவர் இரண்டாவது நாளுக்குப் பொதி கட்டுவார். அலையின் வலு உயரத்தின் வர்க்கத்தோடும் இடைவெளியோடும் கூடுவது. பெருக்கிப் பார்த்தால் இரண்டு நாளிலும் கிட்டத்தட்ட சமம். ஆனால் முதல் நாளின் வலு சில நீண்ட வரிசைகளில் திரண்டிருக்கும், ஆழத்தை முன்கூட்டியே உணர்ந்து முனையைச் சுற்றி வளையும். இரண்டாவது நாளின் வலு நெருங்கிய குட்டி முகடுகளில் சிதறிப்போயிருக்கும். தவிர, அந்தச் செயலிகளின் கணிப்பு சதுரம் சதுரமாகக் கடலையும் நிலத்தையும் பிரித்துச் செய்வது. ஹப்புத்தளைக் கணவாயில் காற்று எப்படி இறங்குகிறது, காலை எட்டு மணிவரை எந்தக் குடாவில் கரைக்காற்று நிற்கும் என்பது அந்தச் சதுரத்துக்குள் கரைந்துபோகும். எண்ணைக் கொடுக்கும் வேலையைக் கருவியிடம் விட்டுவிடலாம். எந்தக் குடா, எந்த மணி, எந்தப் பலகை என்ற தீர்ப்பு இன்னும் ஆளிடம்தான் இருக்கிறது.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. அதை ஒரு வரியில் தட்டிக்கழிக்க முடியாது. மலையகத்தில் யாருக்கு இது? 2024இல் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்கூலி 1,350 ரூபாயாக உயர்ந்தது; அதற்கே எத்தனை ஆண்டுப் போராட்டம். பலகை வாடகை, பஸ் கட்டணம், தங்குமிடம் என்று கூட்டினால் இது வெளிநாட்டார் விளையாட்டு என்று லயத்துப் பிள்ளை சொல்வதில் என்ன பிழை? பிழையில்லை. ஊவாப் பருவத் தேயிலையைப் பறித்த கை அதைக் குடிப்பதில்லை என்பதும், தோட்ட வீட்டில் கொதிப்பது பெரும்பாலும் தூள்தேயிலை என்பதும் இதே கதைதான். ஆனால் நிலைமை இப்படியே இருக்கும் என்று முடிவு கட்டுவதற்கு எதிரான சான்றுகளும் இருக்கின்றன. தமிழ்நாட்டில் சென்னைக்குத் தெற்கே கோவளத்தில், மீனவரான மூர்த்தி மேகவன் தொடங்கிய சர்ஃப் பள்ளியிலிருந்து மீனவர் பிள்ளைகள் போட்டிகளுக்குப் போனார்கள். 2023 ஓகஸ்ட்டில் மாமல்லபுரத்தில் உலக சர்ஃப் லீக்கின் தகுதிச் சுற்றே நடந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடந்து வருகிற அதே தென்மேற்குக் காற்று அங்கும் காலையில் கரைக்காற்றாக வீசுகிற மாதம் அது என்பதையும் போகிறபோக்கில் சொல்லிவைக்கலாம். அறுகம்குடாவில் 2018இல் உள்ளூர்ப் பெண்கள் சேர்ந்து தங்களுக்கென்று ஒரு சர்ஃப் கழகம் அமைத்தார்கள். பெண் பிள்ளைக்குக் கடலில் என்ன வேலை என்ற பேச்சைக் கேட்டுக்கொண்டே அதைச் செய்தார்கள். பொத்துவிலில் கடைத்தெருவின் மொழி தமிழ். ஹட்டனிலிருந்து போகிறவர் அங்கே பேச்சுக்கு அந்நியர் அல்லர். உண்மையான தடை வேறொன்று: நீச்சல். கடற்கரைப் பிள்ளைக்கு இயல்பாக வருவது மலைப்பிள்ளைக்கு வருவதில்லை. காசல்ரீயும் மவுசாக்கலையும் குளிர்ந்த, ஆழமான, சரிந்த கரையுள்ள நீர்த்தேக்கங்கள்; அவற்றில் நீந்திப் பழகலாம் என்று யாரும் யோசனை சொல்லிவிட வேண்டாம். பலகையை நம்பி நீச்சல் தெரியாமல் இறங்குவது அதைவிடப் பைத்தியக்காரத்தனம். காலையும் பலகையையும் பிணைக்கும் கயிறு அறுந்துபோகிற பொருள். பள்ளிக்கூட மட்டத்தில் ஒரு நீச்சல் தடாகம் இருந்தால் மற்றதெல்லாம் பின்னால் வரும்.

போக முடிகிறவர்களுக்கு நடைமுறையாகச் சொல்லவேண்டியது கொஞ்சம்தான். புதியவர் தை மாசியில் வெலிகமைக்குப் போகட்டும், பெரிய ஃபோம் பலகை எடுக்கட்டும், காலை பத்து மணிக்குள் கரையேறட்டும். ஓரளவு எழுந்து நிற்கப் பழகியவர் பண்டாரவளை, வெல்லவாய, மொனராகலை, சியம்பலாண்டுவ வழியாகப் பொத்துவிலுக்கு இறங்கட்டும். மாதத்தைப் பொறுத்தவரை ஓகஸ்ட்டைத் தவிர்க்கச் சொல்வேன். அலை உச்சத்தில் இருப்பது ஜூலையிலும் ஓகஸ்ட்டிலும்தான், சந்தேகமில்லை. ஆனால் பிரதான முனையில் ஓர் அலைக்குப் பதினைந்து பேர் துழாவுவார்கள், அதில் முந்தத் தெரிந்த உள்ளூர்க்காரருக்கும் தேர்ந்தவருக்கும் போக மிச்சம்தான் மற்றவருக்கு. செப்டெம்பர் பிற்பாதியில் கூட்டம் வடியும், கச்சான் முழுதாக விட்டிருக்காது, வரத்தும் போதுமான அளவு இருக்கும். வாடகைப் பலகை எடுக்கும்போது ஓரங்களில் வெடிப்பு இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள், ஃபின்கள் ஆடுகின்றனவா என்று அசைத்துப் பாருங்கள், கயிற்றின் முடிச்சைப் பிடித்து இழுங்கள். வெடிப்பிருந்தால் பலகை நீரைக் குடித்துக் கனக்கும். கடைக்காரர் அது சும்மா கீறல்தான் என்பார், வேறு பலகை கேளுங்கள்.